மூன்று வருடம் குழை போட்டும் மண் ஏன் இளகவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் வைத்துக்கொள்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கம் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி. மீள்குடியேறி வந்தபிறகு பற்றை தள்ளித் துப்புரவாக்கியது. மூன்று வருடமாகத் தேக்கிலை, வேலிக் குழை, வைக்கல் என்று அகப்பட்டதெல்லாம் போட்டுப் புரட்டியிருக்கிறீர்கள். மண் பரிசோதனைத் தாளில் சேதனக் காபன் 0.8 சதவீதத்திலிருந்து 0.9 ஆகத்தான் ஏறியிருக்கிறது. ஆவணியில் மண்வெட்டி போட்டால் இப்போதும் 'டங்' என்கிறது. மாமா கொளுத்திவிடச் சொல்கிறார், கடைக்காரர் நுண்ணங்கித் திரவம் ஒரு போத்தல் வாங்கச் சொல்கிறார். 'இலைகுழையால் மண்ணில் காபன் சேருமா?' என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டதெல்லாம் எங்கே போயிற்று, இனியும் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

விவசாயம் படித்து, இருபது வருடத்துக்கு மேல் மண் மாதிரிகளோடு காலம் தள்ளியவன் நான். பெரும்பாலும் வன்னி மண், கொஞ்சக் காலம் யாழ்ப்பாணச் செம்மண். உங்கள் காணியைப் பார்க்கவில்லை. அதனால் பொதுவில் உறுதியாகத் தெரிந்ததையும், உங்கள் காணிக்கு ஊகமாக மட்டும் சொல்லக்கூடியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

போட்டதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. இது உறுதி. இலை மண்ணுக்குள் போனதும் அதைத் தின்ன ஒரு பட்டாளம் வரும். கறையானும் மண்புழுவும் கடித்துச் சிறிதாக்கும், பிறகு பங்கசும் பற்றீரியாவும் பிடித்துக்கொள்ளும். அவை எடுக்கிற காபனில் பாதிக்கு மேல் மூச்சாக, காபனீரொட்சைட்டாக, வெளியே போகும். மிச்சம்தான் அவற்றின் உடம்பு. அந்த உடம்பும் செத்து இன்னொன்றுக்கு உணவாகும், அதிலும் ஒரு பங்கு மூச்சாகப் போகும். இப்படியே போய் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம். ஆனால் மண்ணை மண்ணாகப் பிடித்து வைக்கிற பசையும் நாரும் இந்தத் தின்னலில்தான் உண்டாகின்றன. தின்னப்படாத இலை மண்ணுக்கு மேலே கிடக்கிற குப்பைதான்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது வேறு. இலை உக்கிக் கறுத்து, 'உக்கல்' என்ற கனமான பொருளாக மாறி, அது எளிதில் அழியாமல் மண்ணில் தங்கும் என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். இந்தப் படம் இப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. அந்தக் கறுப்புப் பொருள் காரம் ஊற்றிப் பிரித்தெடுக்கும்போது கிடைப்பது, மண்ணுக்குள் அப்படியே அது இருப்பதற்குச் சான்று போதாது என்று 2015இல் லேமன், கிளேபர் என்ற இரண்டு மண் ஆய்வாளர்கள் எழுதியது பெரிய விவாதமாயிற்று. இப்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துக்கொள்வது இது: காபன் மண்ணில் நீண்டகாலம் இருப்பது அது 'உக்காத பொருள்' என்பதால் மட்டும் இல்லை. களித்துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதாலும், மண் திரளுக்குள், அதாவது துகள்கள் ஒட்டிச் சேர்ந்த சிறு உருண்டைக்குள், நுண்ணங்கியின் கைக்கு எட்டாமல் அகப்பட்டுக்கொள்வதாலும்தான். அப்படி ஒட்டியிருப்பதில் நுண்ணங்கிகளின் செத்த உடம்பு எவ்வளவு, இலையிலிருந்து நேரே கரைந்து வந்தது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை முடியவில்லை. மண்ணுக்கு மண் கணக்கு மாறுகிறது.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு வருகிறது. சீமைக்கிளுவைக் குழை இரண்டு மூன்று கிழமையில் காணாமல் போய்விடும், தேக்கிலை மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும். தெரிகிறதே என்று தேக்கிலைதான் மண்ணில் நிற்கிறது என்று நினைக்கிறோம். இளங்குழையை நுண்ணங்கிகள் வீணாக்காமல் தின்று உடம்பாக்குவதால், களியில் ஒட்டுகிற பங்கு அதில்தான் கூட இருக்கலாம் என்று 2013இல் கொத்ரூபோவும் கூட்டாளிகளும் முன்வைத்தார்கள். சில சோதனைகள் ஆமென்கின்றன, சில இல்லை என்கின்றன. அதனால் 'இருக்கலாம்' என்ற சொல்லோடு நிறுத்துகிறேன்.

இனி மண் இறுகல். இதற்கு ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். காணியின் நடுவிலிருந்து நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்று, நெல்லிக்காய் அளவில், நசுக்காமல் எடுங்கள். வேலியோரத்திலோ, எல்லையில் பாலையோ வீரையோ நின்றால் அதன் அடியிலோ, வருடக்கணக்காக யாரும் கொத்தாத இடத்தில் அதே அளவில் இன்னொன்று. இரண்டு கண்ணாடிக் குவளையில் மழைத்தண்ணீர் எடுத்து, மெதுவாக உள்ளே விடுங்கள். எங்கள் பக்கத்துச் செங்கபில மண்ணில் நான் பெரும்பாலும் கண்டது இதுதான்: உழுத காணிக் கட்டியிலிருந்து சரம் சரமாகக் குமிழி வரும். விளிம்பு உதிரும். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் கட்டி சரிந்து, குவளை அடியில் மா மாதிரிப் படியும். மர அடிக் கட்டி குமிழி விடும், ஆனால் நிற்கும். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியால் தட்டினாலும் சிறு சிறு உருண்டையாகத்தான் பிரியும். கூர்ந்து பார்த்தால் அந்த உருண்டைகளுக்கு இடையே வேர்மயிரும் வெள்ளை நூலும் தெரியும்.

காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் புகும்போது உள்ளே இருக்கிற காற்று நசிபட்டு வெடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது. பிடித்து வைக்க ஒன்றும் இல்லாத கட்டி உடைந்துவிடும். உங்கள் காணியில் முதல் மழைக்கு நடப்பதும் இதேதான். மேல்மண் உடைந்து, மாவாகி, துளைகளை அடைத்து, பிறகு வெயிலில் சீமெந்து போட்டதுபோல இறுகுகிறது. எங்கள் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. உழுவதற்குப் பதமான நாட்கள் சிலதான். அதைக் குழை போட்டு மாற்றிவிட முடியாது. உடையாமல் நிற்கச் செய்யத்தான் முடியும்.

அந்த நூலும் பசையும் யார் வேலை என்பதை 1982இல் அவுஸ்திரேலியாவில் டிஸ்டால், ஓட்ஸ் என்ற இருவர் அழகாக அடுக்கிக் காட்டினார்கள். 0.25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய திரள்களைப் பிடித்திருப்பது வேரும் பங்கசு இழையும். அவை சீக்கிரம் உருவாகும், சீக்கிரம் உடையும். அதைவிடச் சிறிய திரள்களைப் பிடித்திருப்பது நுண்ணங்கிப் பசையும் களியும், அவை வருடக்கணக்கில் நிற்கும். பின்னால் வந்தவர்கள் சேர்த்த முக்கியமான விடயம், அந்தச் சிறிய திரள் பெரும்பாலும் பெரிய திரளின் வயிற்றுக்குள்தான் பிறக்கிறது என்பது. இப்போது உங்கள் காணிக்கு வருவோம். போடுகிறீர்கள், புரட்டுகிறீர்கள். றொட்டவேற்றர் ஒவ்வொரு தடவை போகும்போதும் பெரிய திரள் உடைகிறது, உள்ளே பிறக்க இருந்தது பிறக்காமல் போகிறது, ஒளிந்திருந்த காபனும் ஒட்சிசன் பட்டு எரிகிறது. குழை ஒரு கையால் கட்டுகிறது, மெசின் மறுகையால் உடைக்கிறது. தாளில் ஏறாததற்கும் மண்வெட்டி 'டங்' என்பதற்கும் பொதுவான காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வருடத்தில் எத்தனை தடவை உழுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆகையால் இது ஊகம்.

அந்த 0.1ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் அது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சின்ன எண் இல்லை. ஒரு ஏக்கரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உள்ள மண், உங்கள் பக்கத்து இறுக்கத்தில், ஏறக்குறைய 900 தொன். அதில் 0.1 சதவீதம் என்றால் 900 கிலோ காபன். ஒரு தொன் காய்ந்த இலையில் காபன் 450 கிலோ அளவில் இருக்கும். எங்கள் சூட்டில் இரண்டு வருடம் கழித்து அதில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் ஏழில் ஒரு பங்கு நிற்கும் என்று வைத்தால் 45 முதல் 65 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 14 முதல் 20 தொன் காய்ந்த இலை போட்டால்தான் 0.1 ஏறும். பச்சைக் குழையில் முக்கால்வாசி தண்ணீர், ஆகவே பச்சையாக நிறுத்தால் அதைப்போல நாலு மடங்கு. மூன்று வருடத்தில் ஒன்றரை ஏக்கருக்கு எத்தனை பெட்டி இழுத்தீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 0.8 ஒரு வருடமும் 0.9 இன்னொரு வருடமும் வந்தால் அது ஏறியதா என்றே சொல்ல முடியாது. ஒரே காணியில் பத்து அடி தள்ளி எடுத்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். ஆய்வுகூடங்கள் வழக்கமாகச் செய்கிற வோக்லி–பிளாக் முறை 1934இல் வந்தது. மலிவு, விரைவு, ஆனால் காபன் முழுவதையும் பிடிக்காது. ஏறக்குறைய முக்கால் பங்கைப் பிடித்து, மிச்சத்தைப் பெருக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். தாளில் 'சேதனக் காபன்' என்று போட்டிருக்கிறதா 'சேதனப் பொருள்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாவதை 1.724ஆல் பெருக்கினால்தான் இரண்டாவது. உங்கள் 0.9 இன்னொரு இடத்தில் 1.55 என்று வரும், சந்தோசப்பட ஒன்றும் இல்லை. இதைக் கவனிக்காமல் மண் திருந்திவிட்டது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பியவர்கள் பலர். ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாதம், ஒரே ஆழம், காணி முழுக்கப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்தது, ஒரே ஆய்வுகூடம். அப்படியும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

எங்கள் காலநிலையும் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. சூடு 10 பாகை கூடினால் இலை உக்குகிற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. ஐரோப்பிய வீடியோக்களில் காட்டுகிற கறுத்த மண்ணை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. அதோடு எங்களுக்கென்று ஒரு கோடை. சித்திரை மழை போனபிறகு சோளகக் காற்று அடித்து ஐப்பசி வரை மண் வெந்து கிடக்கும், நுண்ணங்கிகள் செத்தும் சுருண்டும் போயிருக்கும். முதல் மழை விழுந்ததும் உயிரோடு மிஞ்சியவை செத்தவற்றை விழுந்து விழுந்து தின்னும். அந்த இரண்டு மூன்று நாளில் மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டு குபீரென்று கிளம்பும். கிழக்கு ஆபிரிக்க மண்ணில் இதை விரிவாக அளந்து 1958இல் எழுதியவர் பேர்ச், அதனால் பேர்ச் விளைவு என்பார்கள். (முதல் மழைக்கு எழும்புகிற மண்வாசனையிலும் பெரும்பங்கு நுண்ணங்கிகளுடையதே.) அப்போது காபனோடு நைதரசனும் விடுபடும், அந்த நேரம் காணியில் வேர் இல்லாவிட்டால் அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். முதல் மழைக்கு முன்பே மண்ணை மூடி வைப்பதும், மழை விழுந்ததும் எதையாவது விதைத்துவிடுவதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

மாமா சொல்வதையும் சும்மா தள்ளிவிட மாட்டேன். அவர் தலைமுறை சேனை வெட்டிக் கொளுத்தி, முதல் வருடம் குரக்கனும் எள்ளும் விளைந்ததைக் கண்டது. சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் பொசுபரசும் உண்டு, முதல் வருடப் பயிர் எழும்பும்தான். ஆனால் இலையிலிருந்த நைதரசனில் பெரும்பகுதியும் காபனும் புகையாகப் போய்விடும், நுண்ணங்கிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அவர்கள் இரண்டு மூன்று போகத்தில் அந்த இடத்தை விட்டு வேறிடம் போனார்கள், காடு திரும்பி வந்து மண்ணைக் கட்டியது. ஒன்றரை ஏக்கரை விட்டு நீங்கள் எங்கே போவது? தேக்கங்காட்டில் கோடைக்குக் கோடை நெருப்பு போன இடத்தைப் பாருங்கள். அகன்ற இலையில் சேர்ந்து சொட்டுகிற பெருந்துளி மொட்டை மண்ணில் விழுந்து குழி குழியாகக் கிண்டியிருக்கும். சருகு கிடக்கும் இடத்தில் அது இல்லை. தேக்கிலையின் பெரிய உபகாரம் காபன் சேர்ப்பது இல்லை, துளியைத் தாங்குவது. அதைப் புரட்டாமல் மேலே போட்டு வையுங்கள்.

வைக்கல் பற்றி என் சொந்த மடத்தனம் ஒன்று. படித்துவிட்டு வந்த புதிதில் எங்கள் மிளகாய்ப் பாத்தியில் வைக்கலை நறுக்கிக் கொத்திப் புதைத்தேன். மூன்றாம் கிழமை முழுப் பாத்தியும் மஞ்சள். அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்துப் பாத்தியை மட்டும் காட்டிவிட்டுப் போனார். நுண்ணங்கியின் உடம்பில் எட்டுப் பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் இருக்கும். மூச்சுக்குப் போவதையும் சேர்த்தால் அது தின்கிற உணவில் 24க்கு 1 என்ற அளவில் இருந்தால் சரியாக இருக்கும். வைக்கலில் அது 60, 70க்கு 1. பற்றாக்குறையை அது மண்ணிலிருந்து, அதாவது என் மிளகாயின் வாயிலிருந்து, எடுத்துக்கொண்டது. சீமைக்கிளுவைக் குழை 15க்கு 1 அளவில் இருப்பதால் இரண்டையும் கலந்து போட்டால் தீர்ந்தது. அல்லது வைக்கலை மாட்டுக்குப் போட்டு எருவாக வாங்குங்கள், பட்டி அடைக்க யாராவது வந்தால் மறுக்காதீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒரே இரவில் சேதனத்துக்கு மாறச் சொன்னதில் இருந்த பெரிய பிழை, இந்த நைதரசன் கணக்கைப் பார்க்காதது. சேதனப் பசளையின் குற்றம் இல்லை அது. மண்ணைக் கட்டுவதற்கும் அந்தப் போகத்துப் பயிருக்குத் தீன் போடுவதற்கும் வேறு வேறு கணக்கு. உங்களுக்கு யூரியா தேவைப்பட்டால் அளவோடு போடுங்கள், நுண்ணங்கிகள் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

வயல்காரர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: தண்ணீர் கட்டிய வயலில் கதை வேறு. ஒட்சிசன் இல்லாததால் உக்குவது மெதுவாகி காபன் அதிகம் நிற்கும். ஆனால் தண்ணீர் கட்டிய பிறகு பச்சை வைக்கலைப் புதைத்தால் மெதேன் வாயு கூடும். சூட்டடித்த கையோடு, மண் காய்ந்திருக்கும்போதே தாழ்த்திவிடுவது நல்லது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இழுத்துக்கொண்டு வருகிற இலையைவிட அங்கேயே முளைக்கிற வேரில் கூடக் கவனம் வைப்பேன். வேரிலிருந்து வரும் காபன், மேலிருந்து விழும் இலைக் காபனைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட காலம் மண்ணில் நிற்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2005இல் காட்டினார்கள். வேர் மண்ணுக்குள்ளேயே, களிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பங்கசு இழையும் அதோடு கூடப் போகிறது, ஆகவே எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பெரும்போகப் பயிர் எடுத்ததும் மிச்ச ஈரத்தில் பயறு, உழுந்து. ஒரு பகுதியில் பசுந்தாளாகச் சணல் (சணப்பை) விதைத்து, பூக்கிற பருவத்தில் வெட்டி அப்படியே மேலே சாய்த்துவிடுங்கள். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டுங்கள், கச்சான் மட்டும் பிடுங்கித்தான் ஆகவேண்டும். உழவை வருடத்துக்கு ஒன்றாகக் குறைக்கப் பாருங்கள். முதல் வருடம் களை கூடும், அதை மறைக்க மாட்டேன்.

போத்தல் வேண்டாம். ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் பற்றீரியா இருக்கிறது. தீன் இல்லாத வீட்டுக்கு இன்னும் நூறு விருந்தாளியைக் கூப்பிட்டு என்ன பயன்? அவரைக் குடும்பத்துப் பயிர்களுக்கு விதையில் பூசுகிற றைசோபியம் என்ற பற்றீரியா மட்டும் விலக்கு, அது பல இடங்களில் வேலை செய்து காட்டியது.

இதையெல்லாம் செய்தும் மாறாமல் இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, குவளையில் கட்டி உடைந்ததோடு நிற்காமல் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் அது சோடியத்தின் வேலையாக இருக்கலாம். குழையால் மட்டும் தீராது, ஜிப்சம் தேவைப்படும். கிணற்றுத் தண்ணீர் உவரா என்று முதலில் பாருங்கள். மற்றது, பற்றையைப் புல்டோசர் விட்டுத் தள்ளிய காணியென்றால் மேல்மண் முழுவதும் எல்லையில் ஒரு மேடாகக் குவிந்திருக்கும், நீங்கள் கொத்திக்கொண்டிருப்பது அடிமண். காட்டை அழித்துப் பயிர் செய்தாலே வெப்பமண்டலத்தில் சராசரியாகக் கால்பங்கு மண்காபன் போய்விடுகிறது, மேல்மண்ணும் தள்ளுப்பட்டால் கேட்கவே வேண்டாம். எல்லை மேட்டில் நாயுருவியும் ஆமணக்கும் ஆள் உயரத்துக்கு எழும்பி, நடுக்காணியில் அறுகு மட்டும் நின்றால் அதுதான் அடையாளம். அந்த மேட்டைத் திரும்பக் கொட்டிப் பரப்ப ஒரு நாள் மெசின் கூலி, மூன்று வருடக் குழையைவிட அது சில வேளை கூடப் பலன் தரும்.

குவளை வேலையை மழைக்கு முன்பே, புரட்டாதிக்குள் செய்துவிடுங்கள், ஈரக் கட்டியில் ஒன்றும் தெரியாது. நடுக்காணி, வேலியோரம், எல்லை மேடு மூன்றிலும் ஒவ்வொரு கட்டி. எது எங்கே எடுத்தது என்று குவளையில் எழுதி ஒட்டிவிட்டு, விட்ட ஒரு நிமிடத்திலும் பத்து நிமிடத்திலும் மறுநாள் காலையிலும் படம் எடுத்துப் போடுங்கள். மீதியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.